வள்ளித்தாய் அடித்த முக்கோணங்கள்

வள்ளித்தாய்க்குக் கணக்கு என்றாலே வேப்பங்காய். புளியங்குடிப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் எப்படியோ வந்துவிட்டாள். எட்டாம் வாய்ப்பாடு தொடங்கிய அன்று சிலேட்டைக் கிணற்றடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டினாள். ஏன் வந்தாய் என்று கேட்ட அப்பாவிடம், ஆண்டவன் கொடுத்த விரல் பத்துதான், அதற்குமேல் எண்ணச் சொன்னால் நான் எங்கே போவேன் என்று கேட்டாளாம். அப்பா எலுமிச்சை வியாபாரி, சந்தையில் நூறு பேரைப் பேசி மடக்குகிறவர். அவரையே மகள் மடக்கிவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் வாழ்க்கைப்பட்டது எப்படிப்பட்ட வீட்டில்? 1946 தை மாதம் சங்கரன்கோவில் நெசவாளி ஆறுமுகச்சாமிக்குக் கழுத்தை நீட்டினாள். ஆறுமுகச்சாமி நல்ல மனுசன். தறியில் உட்கார்ந்தால் பேச மாட்டார், தறியை விட்டு எழுந்தாலும் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து வள்ளித்தாய் பேசிக்கொண்டாள். இடைஞ்சல் அவர் தங்கை பிச்சம்மாள். அவளுக்குக் கணக்கென்றால் கரும்பு.

பிச்சம்மாளுக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போயிற்று. பாளையங்கோட்டையில் கண் தெரியாதவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் நாலு வருசம் இருந்து, புள்ளி எழுத்தைத் தடவிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அம்மா இறந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் தார் சுற்றுவது அவள் வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் சுற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்பார்கள். கை தார் சுற்றும், வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். எதை எண்ணுகிறாள் என்று கேட்டால் எதையாவது எண்ணுவாள். தறியின் சத்தம், கோயில் மணி, அண்ணன் விடுகிற கொட்டாவி, எல்லாம் அவளுக்குக் கணக்குத்தான்.

கல்யாணமான வருசம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் மதினியும் கொழுந்தியாளும் கோயிலை வலம் வருகிற ஆடிச்சுற்றுச் சுற்றப் போனார்கள். ஐம்பத்தோரு சுற்று. வள்ளித்தாய் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிச்சம்மாள் முழுக்க முழுக்க வாய் திறக்கவில்லை. என்ன பக்தி என்று வள்ளித்தாய் மெச்சிக்கொண்டாள். கடைசிச் சுற்று முடிந்து உட்கார்ந்ததும் பிச்சம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

“மதினி, ஒரு சுத்துக்கு நானூத்திப் பன்னிரண்டு எட்டு வச்சோம். மொத்தம் இருபத்தோராயிரத்துப் பன்னிரண்டு எட்டு நடந்திருக்கோம்.”

“காலு வலிக்கது காணாதாக்கும், அதை எண்ணி வேற சொல்லணுமாட்டி?” என்றாள் வள்ளித்தாய்.

அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம் அது. வள்ளித்தாய் ஒரு வயசு இளையவள், ஆனாலும் மதினி. அதனால் அவள் ‘ஏட்டி’ போடுவாள், இவள் ‘நீங்க’ போடுவாள். ஒருத்தி பேசிக்கொண்டே இருப்பாள், இன்னொருத்தி எண்ணிக்கொண்டே இருப்பாள். வீடு நிறைந்திருந்தது.

வள்ளித்தாய் வந்த ஒரு வருசத்திலேயே வீட்டில் அட்டை அடிக்கிற வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். சேலைக் கரையில் மயிலோ மாங்காயோ விழ வேண்டுமென்றால், தறிக்கு மேலே இருக்கிற பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து மாட்ட வேண்டும். எந்த நூல் தூக்க வேண்டும், எது கிடக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த ஓட்டைகள்தான். கட்டம் போட்ட தாளில் இருக்கிற படத்தைப் பார்த்து, வரிசையாக ஓட்டை உள்ள இரும்புத் தகட்டுக்கு நடுவே அட்டையைச் செருகி, குத்தூசியை வைத்துக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் ஒரு தட்டு. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. அவர்கள் தறியில் சேலையின் முகப்பு கீழ்ப்பக்கம் கிடக்கும், மேலே தெரிவது பின்பக்கம். ஆகையால் சேலையில் மயில் வலப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் அட்டையில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். முதல் மாசம் வள்ளித்தாய் இதற்காக யோசித்தாள். அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டாள். கண் இடப்பக்கம் பார்த்தால் கை தானாக வலப்பக்கம் குத்தும். அவள் அடித்த அட்டையில் பிசகு என்று அஞ்சு வருசத்தில் ஒரு நெசவாளி திரும்பி வந்தது கிடையாது. அந்தப் பெருமை, அந்த மப்பு அவளுக்கு உண்டு. இருக்க வேண்டியதுதானே.

1951 கார்த்திகையில் வந்து சேர்ந்தது விவகாரம்.

அதே தெருவில் ஞானபூரணம் டீச்சர் இருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் பிச்சம்மாளுக்கு எட்டாம் வகுப்புப் புத்தகங்களை வாசித்துக் காட்டுவார். பிச்சம்மாள் எட்டாவது சர்க்கார் பரீட்சை தேறிவிட்டால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம், முடித்தால் பாளையங்கோட்டையில் அவள் படித்த பள்ளிக்கூடத்திலேயே வேலை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். கண் தெரியாத பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வேறு ஆசை எதையும் அவள் சொல்லி வள்ளித்தாய் கேட்டதில்லை. டீச்சர் ஒரு மனு எழுதிப் போட்டார். பதில் வந்தது. மற்ற பாடங்களைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம், தடையில்லை. கோடும் கோணமுமாக வருகிற க்ஷேத்திர கணிதத்தில் மட்டும் படத்தைத் தன் கையால் அமைத்துக் காட்ட வேண்டும். பங்குனியில் அதிகாரி சங்கரன்கோவிலுக்கு வருவார், நேரில் சோதிப்பார். அவருக்குத் திருப்தியானால் பரீட்சை எழுதலாம். இல்லையென்றால் இந்த வருசம் இல்லை.

இந்த வருசம் இல்லையென்றால் எந்த வருசமும் இல்லை. பயிற்சிக்கு இருபத்தைந்து வயசுக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள், பிச்சம்மாளுக்கு இருபத்து நாலு முடியப் போகிறது.

பிச்சம்மாள் அழவில்லை. தார் சுற்றிக்கொண்டே சொன்னாள், சொல்வதெல்லாம் புரிகிறது மதினி, டீச்சர் ‘படத்தைப் பார்’ என்று வாசிக்கிற இடத்தில் மட்டும் சுவரில் முட்டிக்கொள்கிறேன் என்று. எண்ணத் தெரிந்தவளுக்கு எதை எண்ணுவது என்று தெரியாத இடம் அது. அந்தச் சொல் வள்ளித்தாயைச் சுருக்கென்று தைத்தது.

“படந்தான ஒனக்கு வேணும்? மயிலையே அடிக்கவ, ஒரு கோடு அடிக்க மாட்டனா? நான் பாத்துக்கிடுதேன், நீ தாரச் சுத்து.”

லேசாகச் சொல்லிவிட்டாள். செய்யப் போனபோதுதான் சேதி தெரிந்தது. முதலில் தரையில் கோலமாவால் முக்கோணம் போட்டாள். பிச்சம்மாள் ஒரு தடவை தடவியதும் முக்கோணம் அவள் விரலோடு போய்விட்டது. அடுத்தது, பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியைத் தடவி அட்டையில் நூலை ஒட்டினாள். பிரமாதமாக வந்தது. வட்டம், சதுரம் என்று ஆறு அட்டை செய்து பெருமையாக அலமாரியில் அடுக்கினாள். விடிந்து எடுத்துக் கொடுத்தால், பிச்சம்மாள் தடவிப் பார்த்துவிட்டு, வட்டத்துக்கு வாய் உண்டா மதினி என்று கேட்டாள். கஞ்சி ருசிக்குக் கரப்பான் கால்வாசி வட்டத்தைத் தின்றிருந்தது. வள்ளித்தாய் அன்று கரப்பானைத் திட்டிய திட்டு நாலு வீட்டுக்குக் கேட்டது.

மூன்றாவதுதான் கைகொடுத்தது. குத்தூசி முனையைக் கல்லில் உரசி மழுங்க வைத்தாள். ஆட்டுக்கார நல்லக்கண்ணுவிடம் ஒரு பழைய கம்பளித் துண்டு கேட்டு வாங்கி, அட்டையை லேசாக ஈரம் பண்ணி அதன்மேல் வைத்து மெல்லத் தட்டினாள். ஓட்டை விழவில்லை. அட்டையின் அடிப்பக்கம் மிளகு மாதிரி ஒரு புடைப்பு எழுந்தது. காய்ந்த பிறகு கல் மாதிரி நின்றது. கோடு நெடுகிலும் புள்ளி புள்ளியாகத் தட்டித் திருப்பிப் போட்டால் விரலுக்குத் தெரிகிற கோடு! கரப்பானுக்கும் அதில் தின்ன ஒன்றும் இல்லை.

டீச்சர் பார்த்து அசந்துபோனார். ஒரு யோசனையும் சொன்னார். பின்பக்கம் குத்தி முன்பக்கம் தடவுவதால், படத்தை இடவலம் மாற்றிக் குத்த வேண்டும், புள்ளி எழுத்தும் அப்படித்தான் என்றார். வள்ளித்தாய் தலையை ஆட்டினாள். டீச்சர் சொன்னபடியே புத்தகப் படத்தைக் கட்டத் தாளில் இடவலம் மாற்றி வரைந்தாள். வரைந்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டையில் குத்தினாள். முதல் அஞ்சு அட்டையை டீச்சர் வாங்கிச் சோதித்தார். வட்டம், சதுரம், நீள்சதுரம், மூன்று பக்கமும் சமமான முக்கோணம், இரண்டு பக்கம் சமமான முக்கோணம். எல்லாம் சரி. அதற்கப்புறம் அவர் கண் புத்தகத்தில் இருக்கும், அட்டை பிச்சம்மாள் மடியில் கிடக்கும்.

இப்படி நாற்பத்திரண்டு அட்டை. குத்தி முடித்ததும் ஒவ்வொன்றையும் தான் குத்திய பக்கம் பார்த்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பாள் வள்ளித்தாய். அச்சு அசலாகப் புத்தகத்தில் இருப்பது மாதிரியே இருக்கும். திருப்தியாகக் கட்டி வைப்பாள். மூலைகளுக்கு அ, இ, உ என்று புள்ளி எழுத்தில் பேர் குத்த வேண்டியிருந்தது; எழுத்தை மட்டும் பிச்சம்மாள் தடவிப் பார்த்துத் திருத்துவாள், அப்படியே மற்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாக வள்ளித்தாய் விரலுக்கு வந்துவிட்டன.

தடவிப் பார்க்க வழி ஆயிற்று. சொந்தக் கையால் படம் அமைக்க? அதற்கும் அவளே வழி கண்டாள். ஒரு மாம்பலகையை எடுத்து, அட்டை அடிக்கிற இரும்புத் தகட்டை அதன்மேல் வைத்துக் கட்டி, கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தகட்டு ஓட்டை வழியாகவே சுட்டாள். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இம்மி பிசகாத இடைவெளி. புகை நாற்றம் வந்து ஆறுமுகச்சாமி தறி தீப்பிடித்ததென்று ஓடி வந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். ஓட்டையில் செருக முதலில் வாசல் பெருக்குகிற வாரியலின் குச்சியை ஒடித்தாள், இரண்டு வாரியல் மொட்டையானதுதான் மிச்சம். பிறகு மூங்கில் சிம்பைச் சீவிக்கொண்டாள். நடுவரிசை எதுவென்று விரலுக்குத் தெரிய அதன் ஓரமாக ஒரு கீறல். குச்சிகளைச் செருகி, கஞ்சி போட்ட நூலைச் சுற்றி இழுத்தால் முக்கோணம் நிற்கும். வழுக்காது.

பலகை கைக்கு வந்த அன்று பிச்சம்மாள் ஒரு வேடிக்கை காட்டினாள். ஒரு மூலையிலிருந்து பக்கவாட்டில் மூன்று இடம் தள்ளி ஒரு குச்சி, மேலே நாலு இடம் தள்ளி ஒரு குச்சி. இரண்டுக்கும் குறுக்கே கோணலாக நூலை இழுத்து, அந்த நீளத்தை நகத்தால் பிடித்து ஓட்டை வரிசைமேல் வைத்தாள். சரியாக அஞ்சு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வள்ளித்தாய் நம்பவில்லை. கோணலாகப் போகிற நூல் எப்படி ஒழுங்காக வந்து ஓட்டையில் உட்காரும்? பிடுங்கித் தானே அளந்தாள். அஞ்சுதான். ஆறும் எட்டும் வைத்தாள், பத்து வந்தது. அஞ்சும் பன்னிரண்டும் வைத்தாள், பதின்மூன்று வந்தது. நாலும் அஞ்சும் வைத்தாள், எங்கேயும் உட்காராமல் இரண்டு ஓட்டைக்கு நடுவே தொங்கியது. அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது. அவள் பலகையை விடவில்லை. எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் பயந்து ஓடி வந்தவளுக்கு, இருபத்து மூன்று வயதில் முதல்முதலாக, கணக்கு என்பது மனுசர் ஏற்பாடு பண்ணி வைத்ததில்லை, அது பாட்டுக்கு அங்கே இருக்கிறது என்று தோன்றியது. அதை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்லாத்தான் இருக்கு என்று மட்டும் சொன்னாள். அன்று எல்லோரும் குழைந்த சோறுதான் சாப்பிட்டார்கள்.

பங்குனி வந்தது. அதிகாரியும் வந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைக் காலி பண்ணி மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. கோபக்காரர் என்று சொல்ல முடியாது, ஆனால் ஏமாற மாட்டேன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. டீச்சர் அவர் பக்கத்தில் நின்றார். பிச்சம்மாள் எதிரே உட்கார்ந்தாள். பலகையையும் அட்டைப் பையையும் சுமந்து வந்த வள்ளித்தாயை வாசலோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

வாய்க்கணக்கு பத்துக் கேட்டார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு புத்தகத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

“முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிற படத்தை அமைத்துக் காட்டுங்கள்.”

பிச்சம்மாளுக்கு ஒவ்வொரு பக்கமும் மனப்பாடம். விரல்கள் நடுவரிசையைத் தேடின, அங்கிருந்து எண்ணிக்கொண்டு நகர்ந்தன, மூன்று குச்சிகளைச் செருகின. நூலை இழுத்துக் கட்டினாள். இது மூன்று, இது நாலு, சாய்ந்தது அஞ்சு என்று அளந்து காட்டி, செங்கோணம் எது என்று தொட்டும் காட்டினாள். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

வாசலில் நின்ற வள்ளித்தாய் பூரிப்போடு எட்டிப் பார்த்தாள். மேசைமேல் புத்தகம் விரிந்து கிடக்கிறது, அதன் பக்கத்தில் பலகை. புத்தகத்தில் செங்கோணம் இடது மூலையில் இருக்கிறது. பலகையில் வலது மூலையில் இருக்கிறது.

அவளுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. டீச்சர் சொன்னபடி தாளில் ஒரு தடவை மாற்றினாள். தாளைப் பார்த்து அட்டையில் குத்தும்போது, அஞ்சு வருசப் பழக்கத்தில் கை தானாக இன்னொரு தடவை மாற்றியிருக்கிறது. ஒத்துப் பார்த்ததும் தான் குத்திய பக்கத்தைத்தான். தறிக்காரிக்குப் பின்பக்கம் பார்த்தே பழக்கம், முகப்பைத் திருப்பி எந்தக் காலத்தில் பார்த்தாள்? டீச்சர் சோதித்த அஞ்சும் எப்படித் திருப்பினாலும் ஒன்று போல இருக்கிறவை. மிச்சமெல்லாம் புரண்டு கிடக்கின்றன. மூன்று மாசமாகப் பிச்சம்மாள் தடவித் தடவிப் படித்தது அத்தனையும் இடவலம் மாறியது.

அதிகாரி பலகையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார்.

“இது இந்தப் படம் இல்லையே அம்மா, மாறிக் கிடக்கிறது” என்றார். யாரோ சொல்லிக் கொடுத்ததை விரலால் மனப்பாடம் பண்ணியிருக்கிறீர்கள், அதுவும் தப்பாகப் பண்ணியிருக்கிறீர்கள், இதற்கு நான் எப்படிச் சம்மதம் எழுதுவது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். பேனாவின் மூடியை எடுத்து மாட்டினார்.

வள்ளித்தாய் உள்ளே வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை.

“அய்யா, தப்பு அவ மேல இல்ல, என் கை மேல. அட்டை அடிச்சது நான்.”

மேசைமேல் ஒரு அட்டையை எடுத்துப் போட்டாள். குத்திய பக்கத்தைக் காட்டினாள், புத்தகம் மாதிரி இருந்தது. புரட்டிப் புடைத்த பக்கத்தைக் காட்டினாள், பலகை மாதிரி இருந்தது. தறி, முகப்பு, மயில், டீச்சர் சொன்ன யோசனை, தன் கைப்பழக்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவளுக்கு இன்னொரு வருசம் கிடையாது என்றாள். அஞ்சு வருசத்தில் ஒரு பிசகு வராத கை, வரக் கூடாத இடத்தில் கவிழ்த்துவிட்டதே என்று அவளுக்கு அந்தக் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அதிகாரிக்கு மயில் புரிந்ததோ என்னவோ. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிச்சம்மாள் கேட்டாள்.

“எல்லா அட்டையுமா மதினி?”

“அஞ்சு போக எல்லாந்தாட்டி.”

பிச்சம்மாள் சிரித்தாள். சின்னச் சிரிப்பாக இல்லை, வீட்டில் சிரிப்பது மாதிரியே சிரித்தாள். வள்ளித்தாய்க்கு ஒரு அறை வைக்கலாமா என்று வந்தது.

“அய்யா, முக்கோணம் அந்தப் பக்கமா புரண்டு படுத்தா, அதுக்குக் கோணம் கொறைஞ்சிருமா?” என்றாள் பிச்சம்மாள். மூணு மூணுதான், நாலு நாலுதான், சாய்ந்தது அஞ்சுதான், எந்தப் பக்கம் படுத்தாலும் தேற்றம் தேற்றந்தான் என்றாள். புத்தகத்தில் இருக்கிறபடி வேண்டுமென்றால் இதோ என்று சொல்லி, நிமிர்ந்து நின்ற பக்கத்தை அப்படியே விட்டாள். மூன்றாவது குச்சியை மட்டும் உருவி, இந்தப் பக்கம் மூன்று எண்ணியிருந்ததை அந்தப் பக்கம் மூன்று எண்ணிச் செருகினாள். நூலைக் கட்டினாள். பலகையும் புத்தகமும் ஒன்றாகிவிட்டன.

அதிகாரி பேனா மூடியைக் கழற்றவில்லை. ஆனால் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்பத்து நாலாம் பக்கத்தைப் பிரித்தார். அது கொஞ்சம் பொல்லாத படம். ஒரு கோணல் முக்கோணம், அதன் உச்சி வழியாக ஒரு கோடு, அடிக்கோட்டை நீட்டி ஒரு வால். அட்டையில் எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது, புத்தகத்தில் எப்படி இருக்குமோ அப்படி வையுங்கள் என்றார்.

பிச்சம்மாள் நடுவரிசைக் கீறலில் இடது கட்டைவிரலை வைத்துக்கொண்டாள். அட்டையில் அந்தப் பக்கம் இரண்டு என்றால் இந்தப் பக்கம் இரண்டு. அந்தப் பக்கம் அஞ்சு என்றால் இந்தப் பக்கம் அஞ்சு. உதடு முணுமுணுத்தது. ஆறு குச்சி. கடைசிக் குச்சியில் மட்டும் கொஞ்சம் தயங்கி, ஒரு ஓட்டை பிந்தி வைத்துவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். நூல் கட்டி முடித்துக் கையை எடுத்தாள். மூன்று கோணமும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் ஆவது ஏன் என்று கேட்காமலே சொல்லவும் தொடங்கினாள்.

போதும் என்றார் அதிகாரி. புத்தகத்தைப் பலகையோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் சொன்னார், பிச்சம்மாளுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

“படம் சரியாக இருந்திருந்தால், மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பேன். மனப்பாடம் பண்ணினவர்களுக்கு மாற்றிப் போட வராது.”

சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது வள்ளித்தாயிடம் அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பேசவே வராத வள்ளித்தாயை அன்றுதான் சங்கரன்கோவில் பார்த்தது. வீடு வந்து சேர்கிற வரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை. படியேறினதும்தான், அங்கே உட்கார்ந்து சிரிக்கிறாய், உனக்கு அறிவிருக்கிறதா, என் உயிர் போய் வந்தது என்று தொடங்கினாள். விளக்கு வைக்கிற வரைக்கும் ஓயவில்லை. பிச்சம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தார் சுற்றினாள்.

பிச்சம்மாள் பரீட்சை எழுதினாள், தேறினாள், பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்குப் போனாள். பஸ் ஏற்றிவிடப் போன ஆறுமுகச்சாமி, ஜாக்கிரதை என்று ஒரு வார்த்தை பேசினார். அவர் கணக்குக்கு அது பெரிய பேச்சு. வீட்டில் எண்ணுகிற சத்தம் நின்றுபோனது. வள்ளித்தாய் தானே தார் சுற்றிக்கொண்டாள். சுற்றும்போது வாய் தன்னை அறியாமல் ஒன்று, இரண்டு என்று போவதைக் கண்டு, சீ, இவள் வியாதி எனக்கும் தொற்றிவிட்டதே என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

இரண்டு வருசம் கழித்து, 1954 ஆனியில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே எழுத்து ஒன்றும் இல்லை, வெள்ளைத் தாள் முழுக்கப் புடைப்பு. ஆறுமுகச்சாமி பேப்பர் படிக்கிறவர், தெருவில் நாலு பேருக்குக் கடிதம் வாசித்துச் சொல்கிறவர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், மனைவியிடம் கொடுத்துவிட்டார். இரண்டாம் வகுப்பைத் தாண்டாத வள்ளித்தாய் கையைத் துடைத்துக்கொண்டு தாளை மடியில் வைத்தாள். கண்ணால் பார்த்தால் புள்ளிகள் குழம்பின. கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாள். ஒவ்வொரு எழுத்தாக, சத்தம் போட்டு, அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

மதினிக்கு, எனக்கு வேலை ஆகிவிட்டது, எட்டுப் பிள்ளைகள், கணக்கு வகுப்பு என்னுடையது என்று இருந்தது. அட்டை வேண்டும் என்று இருந்தது. நேரான அட்டை எட்டுக் கட்டு. கூடவே புரண்ட அட்டையும் எட்டுக் கட்டு. புரட்டிப் போட்டும் அடையாளம் தெரிந்தால்தான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது மாதிரி. கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. வள்ளித்தாய் அதை மறுபடி தடவினாள். மூன்றாம் தடவையும் தடவினாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று ஆறுமுகச்சாமியே வாய் திறந்து கேட்டார்.

“வள்ளித்தாய் அட்டைன்னுதான் புள்ளைகளுக்குச் சொல்லப் போறாளாம்” என்று சொல்லிவிட்டு வள்ளித்தாய் அழுதாள். கிறுக்கி, கிறுக்கி என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

மறுநாள் காலையில் கம்பளியை விரித்து அட்டையை நனைத்தாள். நேரான அட்டைக்கு ஒரு கஷ்டமும் இல்லை, புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையை அதன் போக்கில் விட்டாள், அது தானாக மாற்றிக் குத்தியது. புரண்ட அட்டைக்குத்தான் திணறினாள். அன்றைக்கு என்னென்ன தப்பு செய்தாளோ அதையெல்லாம் ஒன்று விடாமல் ஞாபகப்படுத்தி, வரிசை மாறாமல் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. முதல் அட்டையை அடித்து முடித்துத் திருப்பிப் போட்டாள். இந்தத் தடவை முகப்பைப் பார்த்தாள். செங்கோணம் வலது மூலையில் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு மூன்று பக்கத்தையும் விரலால் தடவி எண்ணினாள். மூன்று, நாலு, அஞ்சு. சரியாக இருந்தது.